முட்டைக்கு வைத்த சொல்

எங்கள் தோட்டத்தில் யாரும் கர்ப்பம் என்று சொல்வதில்லை. அது கிளினிக்கில் சொல்கிற சொல். ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் பக்கத்து வீட்டுக்காரி "முழுகாம இருக்கா" என்பாள். வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயம் முழுக்க "புள்ள உண்டாயிருக்கு" என்று ஆகிவிடும். உண்டான அன்றிலிருந்தே அது பிள்ளைதான். கடுகளவு இருந்தாலும் பிள்ளைதான். கரு என்ற சொல்லை நாங்கள் முட்டைக்கு வைத்திருந்தோம். அடைக்கு வைத்த முட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்து, கரு கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். கட்டாததை எடுத்து வீசுவோம். அந்தச் சொல்லை மனிதருக்கு முதலில் எடுத்துப் போட்டவர் எங்கள் முருகையா அண்ணன். அதுவும் தன் சொந்தப் பேரனுக்கு.

புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகிற மண் சாலையில், கால்வாயைத் தாண்டினால் எங்கள் செம்பனைத் தோட்டம். குலை வெட்டுவதெல்லாம் இப்போது வங்காளதேசப் பையன்கள். நம்மவர்களில் சிலர் டிராக்டர் ஓட்டுகிறார்கள், மற்றவர்கள் புஞ்சாக் ஆலாம் பக்கம் ஃபேக்டரிக்குப் போகிறார்கள். நான் சேது, தமிழ்ப்பள்ளிக்கு வேன் ஓட்டுகிறேன். என் வீட்டுச் சுவரும் முருகையா அண்ணன் வீட்டுச் சுவரும் ஒன்றே. அவர் தும்மினால் என் வீட்டில் கேட்கும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி காதால் கேட்டது, மீதி கண்ணால் பார்த்தது.

முருகையா அண்ணன் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் குமரவேல் டிராக்டரில் குலை ஏற்றுகிறவன். பேசச் சொன்னால் எண்ணெய் டின்னைத் தேடிப் போய்விடுவான். மருமகள் திலகா பத்தாங் காலியிலிருந்து வாழ வந்தவள். கல்யாணமாகிப் பல வருஷம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை தொடக்கத்திலேயே போயிருந்தது. அப்போதெல்லாம் "நிக்கல" என்று சொல்லி எல்லோரும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

சித்திரைத் திருவிழாவில் கரகம் எடுத்து வந்தவர் முருகையா அண்ணன்தான். முட்டி தேய்ந்துபோனதும் கோயில் செயலாளர் பாலனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இதெல்லாம் நடந்ததற்கு முந்தின வருஷத் திருவிழாவில் அம்மன் முன்னால் நின்று சத்தமாகவே நேர்ந்துகொண்டார். "என் மருமகளுக்கு ஒரு புள்ளயக் குடு தாயி. கால் போனாலும் போவட்டும், அடுத்த வருஷம் நானே எடுக்கறேன்." அந்தக் கார்த்திகையில் திலகா உண்டானாள்.

அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. திலகா கேட்கும் முன்னாலேயே பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு மோட்டாரில் போய்ப் புளிப்பு அசாம் போட்ட மாங்காய் வாங்கி வருவார். சம்பல் வாசம் அவளுக்குக் குமட்டுகிறது என்று என் வீட்டில் சம்பல் அரைக்கக் கூடாது என்றார். என் பெண்டாட்டி வேலம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டாள், ஆனாலும் அரைக்கவில்லை. சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து திலகா இறங்கியதும், "பய என்னாம்மா பண்றான்?" என்பதுதான் முதல் கேள்வி. பையன் என்று யாரும் சொல்லவில்லை. அவரே முடிவு செய்துகொண்டார்.

காப்புக் கட்டிய வெள்ளிக்கிழமை திலகா கோயிலில் முன்வரிசையில் நின்றாள். ஐந்து மாதம் முடிகிற நேரம், வயிறு நன்றாகவே தெரிந்தது. மஞ்சள் கயிறு கட்டிய கையை அவள் வயிற்றுக்கு முன்னால் நீட்டி, "டேய் பயலே, தாத்தா காப்புக் கட்டிட்டேன்டா. கரகம் வர்றப்ப உள்ளேர்ந்தே ஆடணும், தெரிஞ்சுதா?" என்றார் முருகையா அண்ணன். எல்லோரும் சிரித்தோம். திலகா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஒதைக்கறான் மாமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு இடுப்பு வலி கண்டது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் என் வேனில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். பிள்ளைகள் உட்காருகிற சீட்டில் வேலம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். மத்தியானம் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வந்து குமரவேலைக் கூப்பிட்டாள். "அனாக் லெலாக்கி" என்றாள். ஆண் பிள்ளை. பிறகுதான் மற்றதைச் சொன்னாள். அவள் சொன்ன வரிசை எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதலில் பிள்ளை என்றாள், அப்புறம்தான் இல்லை என்றாள்.

திலகாவை இரவு தங்கவைத்தார்கள். வேலம்மா கூட இருந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்ததைக் குமரவேல் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோலா சிலாங்கூரைத் தாண்டும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது முருகையா அண்ணனிடமிருந்து போன் வந்தது. குமரவேலின் கை பெட்டியில் இருந்ததால் நான்தான் அழுத்திச் சத்தமாக வைத்தேன்.

"எங்கடா வர்ற?"

"பாதி வழிப்பா."

"கையில என்னா வச்சிருக்க?"

குமரவேல் என்னைப் பார்த்தான். பிறகு, "புள்ள" என்றான்.

அந்தப் பக்கம் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் கேட்டது.

"புள்ளன்னு சொல்லாத. கரு. கரு கலைஞ்சு போச்சு. யாரு கேட்டாலும் அதான் சொல்லணும். சேது, உனக்குந்தான்."

"அண்ணே..."

"கேளு. புள்ளன்னா சாவு. சாவுன்னா தீட்டு. காப்ப அவுக்கணும். கரகத்தத் தொட முடியாது. கலைஞ்சதுக்குத் தீட்டு கெடையாது. லயத்துக்குள்ள கொண்டு வராதீங்க. சுடுகாட்டுக்கும் போவாதீங்க. பழைய காட்டுப் பக்கமாப் போயிப் பொதைச்சிட்டு வந்துருங்க."

"சுடுகாட்டுல ஓரமா ஒரு எடம் பாத்தா என்னாண்ணே? பச்சப்புள்ளைங்கள அங்கதானே வைப்போம்."

"வேன் ஓட்டறவன் வேன ஓட்டுலா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பெற்றவனே வாயைத் திறக்காதபோது நான் என்ன சொல்வது? பழைய காடு என்று நாங்கள் சொல்வது கால்வாய்க்கு அந்தப் புறம், மரங்கள் உயர்ந்துவிட்ட பகுதி. போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் மேட்டுக்கு மேல் வேன் ஏறாது. சேற்றில் சிக்கினால் தோண்டுவதற்காக வைத்திருந்த மண்வெட்டியைக் கொடுத்தேன். கூட வருகிறேன் என்று இறங்கினேன். "வேணாம்ணே" என்றான். பெட்டியைச் சட்டைக்குள் வைத்து, நனையாமல் குனிந்தபடி உள்ளே போனான். செம்பனை வரிசைகளுக்குள் பத்தடி போனால் ஆள் தெரியாது. நான் வைப்பரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது முழங்கை வரைக்கும் சேறு.

"ஆழமாத் தோண்டினியா?"

"தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுதுண்ணே. பன்னி கிளறுமேன்னு மேல மட்டைய இழுத்துப் போட்டுட்டேன்."

லயத்துக்கு வந்ததும் அவன் முருகையா அண்ணன் சொன்னதையே கோயில் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். "மனைவிக்குக் கரு கலைந்துவிட்டது. திருவிழா வழக்கம்போல் நடக்கும்." கும்பிடுகிற கையாகப் பதில்கள் வந்து விழுந்தன.

மறுநாள் திலகாவை அழைத்து வந்தேன். வேலம்மா நொச்சி போட்டு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, பூண்டுக் குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்தாள். தொட்டில் ஒன்றுதான் இல்லை. காப்புக் கட்டியவர் வீட்டுக்குள் படுக்கக் கூடாது என்பதால் முருகையா அண்ணன் கோயிலிலேயே இருந்தார். சாயங்காலம் வந்து வாசல் தாழ்வாரத்து அஞ்சடியிலேயே நின்றார். திலகா உள்ளே நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் என் வாசலில் வேன் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டயருக்குக் காற்றுக் குறைவே இல்லை.

"ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு மாமா."

"நல்லாச் சாப்புடு. வயசு இருக்கு. அடுத்தது நல்லபடியா நிக்கும். இது சரியா உருவாகல. ஆத்தாவே பாத்து எடுத்துக்கிட்டா."

"எது மாமா?"

"எதுன்னா?"

"சரியா உருவாகலன்னீங்களே. எது?"

"கருதாம்மா."

அவள் அவர் காலைப் பார்த்தபடியே சொன்னாள். "மிஸ்ஸி என் கையில குடுத்தா மாமா. வெரலு இருந்துச்சு. நகங்கூட இருந்துச்சு. மூக்கு உங்க மூக்கு."

"அதயெல்லாம் உனக்கு எதுக்குக் காட்டுனாங்க? காட்டியிருக்கக் கூடாது."

"வெள்ளிக்கிழம கோயில்ல என் வயித்துக்கு முன்னால கையக் காட்டுனீங்களே, யாருக்குக் காட்டுனீங்க? பயலேன்னு கூப்புட்டீங்களே, யாரக் கூப்புட்டீங்க? நீங்க கூப்புட்டதும் ஒதைச்சான் மாமா. வெள்ளிக்கிழம பய, ஞாயித்துக்கிழம கருவா?"

"சூராட் பெராநாக் இருக்கா?" என்றார். பிறப்புப் பத்திரத்தைச் சொன்னார். அவர் குரல் ஏறியது. "கவர்மெண்டே பதியல. பேரு வைக்கல, தொட்டில்ல போடல. இதெல்லாம் ஆனாத்தானே புள்ளம்பாங்க?"

"அப்ப காப்புக் கட்டியிருந்த இராமையா மாமா மருமகளுக்குச் செத்துப் பொறந்தப்ப அப்படிச் சொல்லலியே நீங்க. மூச்சு விடலன்னாலும் புள்ள புள்ளதான்னு சொல்லி, அவர் காப்ப அவுக்க வச்சது நீங்கதானே."

"அது பத்து மாசம்."

"அப்ப எந்த மாசத்துலேர்ந்து புள்ள மாமா? சொல்லுங்க. தெரிஞ்சு வச்சுக்கறேன்."

முருகையா அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலிக்கும்போது அப்படித்தான் பிடிப்பார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"திலகா, நான் அவகிட்ட நேந்துகிட்டேன்மா. குடுத்தா எடுக்கறேன்னு வாய் விட்டுச் சொல்லிட்டேன். அவ குடுத்துட்டா. இப்ப எடுக்காம விட்டா என்னா ஆவும்னு நெனச்சுப் பாரு. அடுத்தது தங்குமா? எனக்குப் பெருமைக்கா இதெல்லாம்? உன் வயித்துக்காகத்தான் எடுக்கறேன்."

"குடுத்துட்டான்னு நீங்களே சொல்றீங்க. என்னாத்தக் குடுத்தா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். அந்த ஆள்மேல் எனக்கு அன்று கோபம்தான் இருந்தது. ஆனால் அவர் பொய்யாகப் பேசவில்லை என்பதும் தெரிந்தது. பயந்துபோயிருந்தார். பயந்த மனிதர் கையில் அகப்பட்ட சொல்லைத் தூக்கிக் குறுக்கே போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

இரவு குமரவேல் வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் திலகாவின் குரல் கேட்டது. "எங்க வச்சீங்க?"

"நல்ல எடந்தான்."

"எங்க?"

"திருவிழா முடியட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

கரகத்துக்கு முதல் நாள். கோயில் கொட்டகையில் நாங்கள் வேலையாக இருந்தோம். கிள்ளானிலிருந்து வந்த பூக்கூடைகளைப் பிரித்து, பாலன் கரகத்துக்குச் சரம் சுற்றிக்கொண்டிருந்தான். இராமையா வேப்பிலை கட்டினார். முருகையா அண்ணன் பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது வேலம்மா தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் வேகமாக வந்தாள்.

"பாலா, கொஞ்சம் உதிரி மல்லிகை குடு. ரெண்டு கை வேணும்."

"கரகத்துக்கே பத்துமான்னு பாக்கறேன்கா. கொண்டைக்குன்னா நாளைக்கு மிச்சம் தர்றேன்."

"கொண்டைக்கு இல்லடா. நெஞ்சுல வச்சுக் கட்ட."

பாலனுக்குப் புரியவில்லை. இராமையாவின் கை நின்றுவிட்டது. பால் வற்ற வேண்டுமென்றால் மல்லிகையை வைத்து மார்பை இறுக்கிக் கட்டுவார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவளுக்குத்தான் பெரும்பாலும் அந்தத் தேவை வரும்.

"யாருக்கு?" என்றார் இராமையா.

"திலகாவுக்கு. காலையிலேர்ந்து பால் இறங்குது. கல்லாட்டம் கட்டிக்கிச்சு. காய்ச்சல் வேற. தொட்டாத் துடிக்கறா."

இராமையா தலையைத் தூக்காமல், "கரு கலைஞ்சதுக்குப் பால் வருமா வேலம்மா?" என்றார்.

"எனக்கென்னாண்ணே தெரியும்? போயி அந்த ஒடம்பக் கேளுங்க. கருன்னு அதுக்கு யாரும் தகவல் சொல்லல போலருக்கு."

என் பெண்டாட்டிக்கு அவ்வளவு வாய் உண்டு என்று எனக்குத் தெரியும். தலைவர் முன்னால் அதைத் திறப்பாள் என்றுதான் தெரியாது. முருகையா அண்ணன் செம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். புளி கையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. வெறுங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்து அனுப்பு பாலா" என்றார்.

"அண்ணே, கரகத்துக்குக் கொறைஞ்சு போவும்..."

"குடுன்னேன்ல."

வேலம்மா முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள். இராமையா கட்டிய வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "முருகையா, அன்னைக்கு நீ அவுக்கச் சொன்ன, நான் அவுத்தேன். தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்லல. ஆனா நான் அவுத்ததாலதான் என் மருமவ அன்னைக்கு அழுது முடிச்சா." அவ்வளவுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் கரகம் கிளம்பியது. உருமி மேளக்காரப் பையன்கள் அடி பின்னியெடுத்தார்கள். முருகையா அண்ணன் மஞ்சள் வேட்டியில், தலையில் பூச்சுமையோடு, கையால் தொடாமல் வந்தார். கரகத்தைக் கையால் பிடிக்கக் கூடாது. கோயிலுக்குத் திரும்பும்வரை தலையிலிருந்து இறக்கவும் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் அவர் முட்டி நடுங்கியது. முகத்தில் வலி தெரியாமல் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு வேப்பிலைத் தோரணம். வாசலில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவி, ஆரத்தி எடுத்துக் கும்பிட்டார்கள். எங்கள் வரிசைக்குத் திரும்பியபோதுதான் நான் பார்த்தேன். தலைவர் வீட்டு நிலையில் வேப்பிலை இல்லை. முந்தின இரவு இருந்தது. அவிழ்த்து அஞ்சடி ஓரத்தில் சுருட்டி வைத்திருந்தது. சாவு வீட்டில்தான் அப்படி அவிழ்ப்போம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் தண்ணீர்க் குடமும் இல்லை.

கூட்டம் மெதுவாக நின்றது. மேளக்காரப் பையன்கள் விவரம் தெரியாமல் இன்னும் வேகமாக அடித்தார்கள். பாலன் ஓடிவந்து என் காதில், "அடுத்த வீட்டுக்குப் போயிருவோம்ணே, இத விட்டுருவோம்" என்றான். முருகையா அண்ணன் நகரவில்லை. தன் வாசலுக்கு நேராகத் திரும்பி நின்றார்.

கதவு திறந்தது. திலகா நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு நிலைக்கு உள்ளேயே நின்றாள். முகம் காய்ச்சலில் வெளிறியிருந்தது. பையன்கள் யாரும் சொல்லாமலே அடிப்பதை நிறுத்தினார்கள்.

"மன்னிச்சிருங்க மாமா. கால்ல தண்ணி ஊத்த முடியாது. எங்க வீட்டுல தீட்டு."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முன்னால் நின்ற எங்கள் நாலைந்து பேருக்கும் அவருக்கும் மட்டும் கேட்டது. பிறகு போர்த்தியிருந்த துண்டை விலக்கினாள். மார்புக் கட்டையும் தாண்டி நைட்டி இரண்டு பக்கமும் நனைந்து வயிறு வரைக்கும் இறங்கியிருந்தது. வாடிய மல்லிகையும் பாலும் கலந்த வாசம் எங்கள்வரை வந்தது.

"மல்லிகைக்கும் நிக்கல மாமா. யாரயோ தேடுது" என்றாள்.

தலையில் கரகம் இருக்கிறவர் குனிய முடியாது. அழுதாலும் நிமிர்ந்துதான் அழ வேண்டும். முருகையா அண்ணன் நிமிர்ந்தபடியே நின்றார். கண்ணீர் மஞ்சள் பூசிய கன்னத்தில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. பிறகு, இத்தனை வருஷத்தில் அவர் செய்யாததைச் செய்தார். இரண்டு கையையும் தூக்கிக் கரகத்தைப் பிடித்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாலா, வாங்கிக்க."

பாலன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தலையைக் கொடுத்தான். அவன் தலைக்கு மாற்றிவிட்டு, முருகையா அண்ணன் வலது மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் காப்பைக் கடித்து அறுத்தார். மஞ்சள் கயிறு அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டது. எடுத்துக் கீழே போட்டார்.

"எம் பேரன் செத்துட்டான்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "என் வீட்டுல புள்ள செத்துருச்சு. தீட்டு. நீங்க போங்க. ஆத்தாவ நிக்க வைக்காதீங்க."

திலகா அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், வேனில் அழாதவள், நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வேலம்மா ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள். மேளம் எங்கள் வரிசையைக் கடந்து போகும்வரை முருகையா அண்ணன் அப்படியே நின்றார். பிறகு மகனைத் தேடினார். குமரவேல் என் வேனுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"புள்ளய எங்கடா வச்ச?" என்றார். "வா. சுடுகாட்டுக்குக் கொண்டுபோயி மொறையா வைப்போம்."

குமரவேல் என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

வேனைக் கால்வாய் மேட்டில் நிறுத்தினேன். திலகாவும் வந்தே தீருவேன் என்று ஏறியிருந்தாள். வேலம்மா பிடித்து இறக்கினாள். குமரவேல் முன்னால் நடந்தான். ஒரு வரிசைக்குள் நுழைந்தான், நின்றான், திரும்பி வந்து அடுத்த வரிசைக்குள் நுழைந்தான். இடையில் குலை வெட்டும் பையன்கள் அந்தக் காட்டை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லா வரிசையிலும் புதிதாக வெட்டிய மட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எல்லா மரமும் ஒரே வயது, ஒரே உயரம். மண் முழுக்கப் பன்றி உழுத தடம். மழை நாளில் தோண்டிய குழிக்கு அங்கே எந்த அடையாளமும் இல்லை.

"மூணாவது வரிசையா, நாலாவதா... மழையில கண்ணத் தொறக்க முடியலப்பா. அழுதுகிட்டே தோண்டுனேன். அடையாளம் வைக்கணும்னு தோணல. யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

முருகையா அண்ணன் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முள்ளைப் பொருட்படுத்தாமல் முதல் மரத்தடியில் கிடந்த மட்டையைப் புரட்டினார். மண்ணைக் கையால் தடவிப் பார்த்தார். நானும் குமரவேலும் பக்கத்து வரிசையில் புரட்டினோம். தூரத்தில் உருமி கேட்டுக்கொண்டிருந்தது. திலகா கொஞ்ச நேரம் மேட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். பிறகு வேலம்மாவின் கையை விலக்கிவிட்டு எழுந்து வந்து, நனைந்த நைட்டியோடு மாமனார் பக்கத்தில் குனிந்து மட்டையின் மறு நுனியைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

"இங்கயாடா புள்ள?" என்று கேட்டார் முருகையா அண்ணன்.

"தெரியலப்பா."

தூக்கிய மட்டையை மெதுவாகப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, இரண்டு பேரும் அடுத்த மரத்துக்குப் போனார்கள்.